நீ எந்த அரசனின் குடி?

மன்னார் நகரில் ஆசிரியர் சிலரும் மாணவர் சிலரும் மாதந்தோறும் கூடி இலக்கியம் பேசுவது எங்கள் வழக்கம். சென்ற மாதக் கூட்டத்தில் மொழிபெயர்ப்புக் கவிதைகளைப் பற்றிய பேச்சு மெல்ல மெல்லப் பலஸ்தீனத்தை நோக்கித் திரும்பியது. அங்கே சிந்துகின்ற இரத்தத்தை எண்ணுவோர்க்கு அது வியப்பன்று. அப்போது இளைஞர் ஒருவர் எழுந்தார். நிறையப் படிப்பவர், கூர்மையான அறிவு வாய்ந்தவர். “யூதன் எந்த நாட்டில் பிறந்தாலும் அவனுடைய நெஞ்சு இஸ்ரேலுக்கே சொந்தம். உண்ணுவது ஒரு நாட்டுச் சோறு, உழைப்பது இன்னொரு நாட்டுக்கு. அவனை நம்பிய நாடு எதுவும் உருப்படாது” என்றார். சபையிற் சிலர் தலையசைத்தனர். நானும் அசைத்திருப்பேன் என்றே நினைக்கிறேன். மறுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

கடைசி வரிசையில் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அமர்ந்திருந்தார். மடித்து வைத்த குடையைப் பார்த்தபடியே இருந்தவர், கூட்டம் முடிந்ததும் எவரிடமும் விடைபெறாமல் எழுந்து சென்றார். வீடு திரும்பும் வழியிலேதான் எனக்கு அது உறைத்தது. அன்று நான் சொல்லாது விட்ட மறுமொழியை இன்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். இஸ்ரேல் ஓர் அரசு. அரசென்றால் அதற்குச் செயல்கள் உண்டு. செயல்களுக்குக் கணக்கும் உண்டு. 2023 ஒக்டோபர் 7ஆம் நாள் ஹமாஸ் இயக்கத்தார் செய்த கொலைகளைக் கண்டிப்பவனுக்கு, அதன் பின் காசாவிலே பல்லாயிரவர் மடிந்ததைக் கண்டிக்கும் கடமையும் உண்டு. அந்த அரசுக்குப் படைக்கலம் தராதே என்று எந்த நாட்டுக் குடிமகனும் தன் அரசைக் கேட்கலாம், கேட்க வேண்டும். இளைஞருடைய சினத்தில் நான் குறை காணவில்லை. ஆயின் அவர் பேசிய வாக்கியம் அந்த அரசைப் பற்றியதன்று. அரசைப் பற்றித் தொடங்கிய வழக்கு நடுவழியிலே பிறப்பைப் பற்றிய தீர்ப்பாக மாறிவிட்டது. நம் பத்திரிகைகளிலும் இந்த மயக்கம் உண்டு. ‘இஸ்ரேலியப் படை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘யூதப் படை’ என்று எழுதிவிடுகிறோம். ஒரு சொல்தானே என்று தோன்றும். அந்த ஒரு சொல்லின் விலையை உலகில் வேறெவர் அறியாவிடினும் மன்னாரார் அறிந்திருக்க வேண்டும்.

மன்னாரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வீதியில் தோட்டவெளி என்றோர் ஊர் உண்டு. அங்கே வேதசாட்சிகளின் நினைவாக ஓர் ஆலயம் நிற்கிறது. 1544இல் யாழ்ப்பாணத்து அரசனாகிய சங்கிலியின் ஆணையினால் மன்னார்த் தீவிலே கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் நினைவு அது. அறுநூறு என்பாரும் உளர். எழுநூறு என்பாரும் உளர். பெரும்பாலோர் கடலை நம்பி வாழ்ந்த எளிய மக்கள். அவர்கள் செய்த குற்றம் என்ன? எதிர்க்கரையாகிய முத்துக்குளித்துறையிலே பிரான்சிஸ் சவேரியார் போதித்துவந்த செய்தியைக் கேள்வியுற்று, தமக்கும் ஞானஸ்நானம் வேண்டுமென ஆள் அனுப்பினார்கள், குருவானவர் ஒருவர் வந்தார், பெற்றுக்கொண்டார்கள். அவ்வளவே.

சங்கிலியைக் கொடுங்கோலன் என்று ஒரு சொல்லிற் கூறிக் கடந்துவிடுவது எளிது. பலர் அவ்வாறே செய்கின்றனர். எனக்கு அது போதாது. அவனுடைய அச்சம் கற்பனையன்று என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், 1536, 37ஆம் ஆண்டுகளில், எதிர்க்கரைப் பரதவர் கூட்டங் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றுப் போர்த்துக்கேய மன்னனின் காவலுக்குள் சென்றிருந்தனர். மதம் மாறிய கரை ஆட்சியும் மாறியதை அவன் தன் கண்ணாற் கண்டிருந்தான். 1543இல் போர்த்துக்கேயத் தேசாதிபதி கப்பற் படையோடு வந்து அவனைத் திறைக்கு உடன்படுத்தியும் இருந்தான். போதாக்குறைக்கு, அரசுரிமை கோரிய அவனுடைய தமையன் ஒருவன் பறங்கியரிடம் அடைக்கலம் நாடியிருந்தான். இத்தனைக்கும் நடுவே, தன் கடற்கரையிலேயே, முத்தும் மீனும் விளைகின்ற தீவிலே, ஓர் ஊரே சிலுவையை ஏந்துகிறது. எந்த அரசன் உறங்குவான்?

ஆனால் அவன் எவரை வெட்டினான் என்பதைப் பாருங்கள். கப்பலோடு வந்தவனைத் தொட அவனால் இயலவில்லை. அவனுக்குத் திறை கொடுத்தான். தமையனைப் பிடிக்கவும் முடியவில்லை. கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவர்கள் வலையும் தோணியும் அன்றி வேறு படைக்கலம் அறியாதவர்கள். ‘நீ எந்த அரசனின் குடி?’ என்ற கேள்வி அவர்களிடம் கேட்கப்பட்டது. அவர்களுள் எவன் பறங்கியனுக்குத் தூது சென்றான், எவன் துறையைக் காட்டிக்கொடுத்தான் என்ற விசாரணை நடந்ததாக எந்த ஏட்டிலும் நான் படித்ததில்லை. வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தவர். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியையுங்கூட வேறோர் ஒற்றனைக்கொண்டு ஒத்துப் பார்க்கச் சொன்னவர். வஞ்சனை இருக்கக்கூடும் என்பதை நம் அறநூலார் மறைக்கவில்லை. அதனை ஆளுக்கு ஆள், செயலுக்குச் செயல் தேடச் சொன்னார்கள். ஊரை எண்ணி வெட்டச் சொல்லவில்லை.

இக்கதையின் இரண்டாம் பாகம் அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கோ முதற் பாகத்தைவிட அதுவே கசப்பானது. கொலைச் செய்தி கேட்டுத் துடித்த சவேரியார், சங்கிலியைத் தண்டிக்குமாறு போர்த்துக்கேய அதிகாரிகளை வற்புறுத்தினார். 1545இல் நாகப்பட்டினத்திலிருந்து படை புறப்படுவதென முடிவும் ஆயிற்று. அந்த வேளையிற் பெகு தேசத்திலிருந்து சரக்கேற்றி வந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையிலே தரைதட்டிற்று. சரக்கு சங்கிலியின் கைக்குப் போயிற்று. படையை அனுப்பினால் சரக்கு மீளாது. ஆகவே படை நின்றது!

அன்பர்களே, இதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அந்த மீனவர்கள் பறங்கியனின் ஆட்கள் என்று சங்கிலி வெட்டினான். பறங்கியனோ அவர்களைத் தன் ஆட்களாக எண்ணியிருக்கவில்லை. அவர்களுடைய உயிருக்கும் ஒரு கப்பல் துணிமணிக்கும் இடையே அவன் தராசு எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது வெளிப்படை. ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகளின் பின், 1560இல், போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். அதுவும் தமது தேவைக்காகவே. இரு அரசர்க்கு விசுவாசம் என்று பழிசுமத்தப்பட்டவர்களுக்கு இரு அரசருள் ஒருவனும் விசுவாசமாக இருக்கவில்லை.

நூறாண்டு கடந்து அதே மக்கள்மீது அதே பழி மீண்டும் விழுந்தது. 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைப் பிடித்தனர். கத்தோலிக்கக் குருமாருக்கு இடங்கொடுப்போருக்கு மரண தண்டனை என அவ்வாண்டிலேயே கட்டளை பிறந்தது. கத்தோலிக்கன் என்றால் போர்த்துக்கேயனின் உளவாளி என்பது அவர்கள் கணக்கு. இலங்கையிலே போர்த்துக்கேயர் ஆட்சி அணுவளவும் எஞ்சியிராத காலம் அது. விசுவாசங்கொள்வதற்கு அரசன் இல்லை. விசுவாசத் துரோகம் மட்டும் இருந்தது! மாந்தையிலிருந்து மாதாவின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடிய குடும்பங்களின் கதைதான் மடுத் திருத்தலத்தின் தொடக்கம்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் சொல்லவேண்டும். கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் அடிகளார் 1692இல் கண்டியிலே போர்த்துக்கேய ஒற்றர் என்ற ஐயத்தின்பேரிற் சிறைவைக்கப்பட்டார். அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தன். அவன் ஐயுற்றது பிழையன்று. அந்நாளில் எவரும் ஐயுறுவர். ஆனால் அவன் அந்த மனிதர் என்ன செய்கிறார் என்று பார்த்தான். பார்த்தபின் விடுவித்தான். 1697இல் வைசூரி கண்டியைச் சூறையாடியபோது நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்தவர் அதே அடிகளார். ஐயம் எல்லா அரசருக்கும் வரும். அதன் பின் என்ன செய்கிறான் என்பதிலேதான் ஓர் அரசனுக்கும் மற்றோர் அரசனுக்கும் வேறுபாடு.

இனி யூதர் பக்கம் வருவோம். பிரான்சிலே 1894இல் பொய்க் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டு 1906இல் நிரபராதியெனத் தீர்க்கப்பட்ட திறைபஸ் என்னும் படை அதிகாரியின் கதை ஆசிரியர்களாகிய உங்களுக்குத் தெரிந்ததே. அதைவிட நம்மவர்க்கு நெருங்கிய ஒருவரை நினைவூட்ட விரும்புகிறேன். இந்திய வரலாற்றிலே மொண்டேகு செம்ஸ்போர்ட் சீர்திருத்தம் என்று பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணினோமே, அந்த எட்வின் மொண்டேகு ஒரு யூதர். 1917இல் இந்திய மந்திரியாக அமர்ந்தவர். பலஸ்தீனத்தில் யூதர்க்குத் தாயகம் அமைப்பதாகப் பிரித்தானிய அரசு அறிக்கை வெளியிட முனைந்தபோது, அந்த அரசிலிருந்து மிகக் கடுமையாக எதிர்த்தவர் யாரென்று நினைக்கிறீர்கள்? அவரேதான். அவ்வாண்டு ஓகஸ்டில் அவர் எழுதிய குறிப்புக்கு இட்ட தலைப்பே, தம் அரசின் கொள்கை யூத விரோதமானது என்பதாகும். ‘யூதனுடைய நாடு பலஸ்தீனம்’ என்று ஒருமுறை எழுதிவிட்டால், பிற நாடுகள் அனைத்தும் யூதனைப் பார்த்து ‘உன் நாட்டுக்குப் போ’ என்று சொல்லும் என்பது அவர் வாதம். நவம்பரில் வெளியான பல்பூர் பிரகடனத்திலே, பலஸ்தீனத்தில் வாழும் பிற மக்களின் உரிமைகளுக்கும், பிற நாடுகளில் வாழும் யூதரின் அந்தஸ்துக்கும் பங்கம் வரலாகாது என்ற வாசகங்கள் இடம்பெற்றன. அவற்றுள் முதலாவது எவ்வாறு காக்கப்பட்டது என்பதை உலகம் அறியும்.

அத்துணை ஆங்கிலேயராக வாழ விரும்பிய அந்த மனிதருக்கு என்ன நேர்ந்தது? 1919இல் அமிர்தசரசில் டையர் சுட்டுக் கொன்றான். 1920 ஜூலையில் அவ்விடயம் பாராளுமன்றத்தில் விவாதத்துக்கு வந்தபோது மொண்டேகு எழுந்து டையரின் செயலைப் பயங்கரவாதம் எனக் கண்டித்தார். எதிரே அமர்ந்திருந்தோரின் கூச்சலில் இந்திய விவகாரம் மறைந்து யூத வெறுப்புத் தலைதூக்கியது. ஆங்கிலேயத் தளபதியைக் குறைகூறுகிறவன் மெய்யான ஆங்கிலேயனா என்பதே அவர்கள் உள்ளத்து வினா. நம்முடைய மக்களுக்காக நியாயம் பேசிய நாளிலேதான் அவர் அந்நியராக்கப்பட்டார். அவரைப் பற்றிய கட்டுரையை மாணவர்க்குக் கற்பிக்கும்போது நாம் இந்தப் பகுதியைச் சேர்ப்பதில்லை.

வெளிநாட்டுக் கொள்கையைப் பற்றிய விவாதத்துக்குள் இந்தப் பழி நுழையும் விதத்தை இன்னும் அப்பட்டமாகக் காட்டுவது அமெரிக்க நிகழ்ச்சி ஒன்று. அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே விமானத்திற் கடந்து புகழ்பெற்ற சார்ள்ஸ் லின்பேர்க், 1941 செப்டெம்பர் 11இல் தெமொயின் நகரில் பேசினார். அமெரிக்கா போரில் இறங்கலாகாது என்பது அவர் கொள்கை. அதனை வாதிட அவருக்கு முழு உரிமை உண்டு. ஆனால் நாட்டைப் போருக்குத் தள்ளுவோர் யாரென்று எண்ணியபோது ஆங்கிலேயர், யூதர், ரூஸ்வெல்ட் ஆட்சி என மூவரை எண்ணினார். அந்தப் பட்டியலின் நடுவே நிற்பவர்களைப் பாருங்கள். ஆங்கிலேயர் வேற்று நாட்டார். ஆட்சி என்பது அரசாங்கம். யூதரோ அவருடைய சொந்த நாட்டுக் குடிகள். ஒரு ‘உம்’மையால் அவர்களை அமெரிக்கரிலிருந்து பிரித்து வைத்துவிட்டார். இலக்கணம் கற்பிப்போர்க்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மீண்டும் நம் தீவுக்கே வருவோம். தலைமன்னார் இறங்குதுறை இன்று காற்றும் காகமும் உலாவும் இடம். ஒரு காலத்தில் மலையகத்துக்குச் சென்ற கூலியாட்கள் இக்கரையில் இறங்கி, மன்னார்க் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். வழியில் மடிந்தோர்க்குக் கணக்கில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளை 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அவர்களின் நெஞ்சு இந்தியாவுக்கே உரியது என்பதே அன்று முழங்கிய வாதம். 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கைச்சாத்திட்டனர்: ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். பெகுவிலிருந்து வந்த சரக்கைப் போலப் பங்கிட்டார்கள். அதே இறங்குதுறையிற் பெட்டி படுக்கையோடு கப்பல் ஏறியவர்களுள் இந்தியாவைக் கண்ணாலும் கண்டிராதவர் எத்தனையோ பேர். ‘கள்ளத்தோணி’ என்று அவர்களை ஏசியவர்களுள் தமிழரும் இருந்தனர் என்பதை நாம் மறைத்தல் தகாது.

அதைவிட மறைத்தல் தகாத ஒன்று உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். காட்டிக்கொடுப்போர், எதிரியின் ஆட்கள் என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. இங்கும் சங்கிலியின் கணக்கே: கிழக்கில் நிகழ்ந்தவற்றுக்கு வடக்கிலிருந்த மீனவனும் வியாபாரியும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் விலை கொடுத்தனர். எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் சில நாட்களுக்குள் வெறிச்சோடின. மன்னார்த் தீவின் மக்களிற் பெரும்பாலோர் தோணியேறிக் கற்பிட்டிக்குப் போயினர்.

அப்போது நான் இளம் ஆசிரியன். குடையோடு அமர்ந்திருந்தாரென்று தொடக்கத்திற் சொன்னேனே, அவர் எனக்கு மூத்த ஆசிரியர், ஒரே பாடசாலை. புறப்படுவதற்கு முந்திய நாள் மாலை என் வீட்டு வாசலுக்கு வந்தார். கையில் ஒரு கட்டுக் காகிதம். “தம்பி, மூன்றாந் தவணை விடைத்தாள். புள்ளி போட்டாச்சு. பிள்ளைகள்ட குடுத்துருங்க” என்றார். வாங்கிக்கொண்டேன். ‘ஏன்’ என்று நான் கேட்கவில்லை. ‘எங்கே போகிறீர்கள்’ என்றும் கேட்கவில்லை. அஞ்சினேன் என்பது உண்மை. ஆனால் அச்சம் மட்டுமா? ‘ஏதோ சிலர் செய்திருப்பார்கள், இல்லாமலா சொல்கிறார்கள்’ என்று என் மனத்தின் ஒரு மூலை எனக்குச் சமாதானம் கூறியதும் உண்மை. அந்த மூலையே சென்ற மாதக் கூட்டத்தில் மீண்டும் தலையசைத்தது.

‘அப்படியானால் அமெரிக்காவில் இஸ்ரேலுக்காகப் பணம் செலவிட்டு அரசியல்வாதிகளை வளைக்கும் சங்கங்கள் பொய்யா?’ என்று இளைஞர் கேட்பார். பொய்யல்ல. அச்சங்கங்கள் உண்டு, அவற்றின் பெயரைச் சொல்லி, பணத்தைக் கணக்கிட்டு, வாதத்தை முறியுங்கள். அவ்வாதத்தை மறுக்கும் யூதரும் அதே அமெரிக்காவில் வீதியிலிறங்கி நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மேலும் ஒன்று. நம் பிள்ளைகள் கனடாவில் என்ன செய்கிறார்கள்? தங்கள் தொகுதிப் பிரதிநிதியைச் சென்று காண்கிறார்கள். இலங்கையைப் பற்றிப் பேசுமாறு கேட்கிறார்கள். 2022 மே 18இல் கனடியப் பாராளுமன்றம் அந்நாளைத் தமிழினப் படுகொலை நினைவுநாளாக ஏற்றதில் அவர்களின் உழைப்பு உண்டு. ‘உண்ணுவது கனடியச் சோறு, நெஞ்சு வேறெங்கோ’ என்று அங்கே ஒருவன் சொன்னால் நமக்கு எப்படி இருக்கும்? குடிமகன் தன் அரசிடம் உலக நியாயம் கேட்பது துரோகம் என்று ஆகிவிட்டால், நமக்கும் பேச வாயிராது. இங்கேயோ, 1983இல் வந்த ஆறாந் திருத்தத்தின் பின் தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்து அரச வேலை பார்ப்பவர்கள் நாம். எதிரே இருப்பவனின் நெஞ்சைத் திறந்து காட்டச் சொல்வது எத்தகைய அவமானம் என்பதை நாம் படித்தறிய வேண்டியதில்லை.

மறுபுறமும் ஒரு சூழ்ச்சி உண்டு. அதனையும் சொல்லாவிடில் நான் நேர்மையற்றவனாவேன். இஸ்ரேலிய அரசைக் குறைகூறும் எவனையும் ‘யூத வெறுப்பாளன்’ என்று சொல்லி வாயடைப்போர் இருக்கின்றனர். இவர்களும் இளைஞர் செய்த பிழையையே மறுபக்கமிருந்து செய்கிறார்கள். அரசும் மக்களும் ஒன்றே என்பது இருவருக்கும் பொதுவான அடிப்படை. ஒருவர் அதைக் கொண்டு யூதரைத் தாக்குகிறார். மற்றவர் அதைக் கொண்டு அரசைக் காக்கிறார். 1984இல் கொழும்பிலே இஸ்ரேலிய நலன் பிரிவு அமெரிக்கத் தூதரகத்துக்குள் திறக்கப்பட்டபோது இந்நாட்டு முஸ்லிம்கள் எதிர்த்தனர். அது ஓர் அரசியற் கருத்து. சரியோ பிழையோ, கருத்தாலேயே பதிலிறுக்கத் தக்கது. 1990இல் பிரேமதாச அரசு அப்பிரிவை மூடியது. அதுவும் ஓர் அரசின் கொள்கை. இவ்வளவில் நின்றிருந்தால் எவரும் எவரையும் வெறுக்க வேண்டியதில்லை.

போர் முடிந்தபின் எருக்கலம்பிட்டிக்குத் திரும்பி வந்தவர்களுள் அந்த ஆசிரியரும் ஒருவர். வீட்டுக்குக் கூரையும் நிலையும் இல்லை. கிணறு மட்டும் இருந்தது. அந்த விடைத்தாள்களை என்ன செய்தேன் என்று அவர் இன்றுவரை கேட்டதில்லை. பாதிப் பிள்ளைகள் தோணியிற் போய்விட்டதால் பாதித் தாள்களைக் கொடுக்க ஆளில்லை. அவை இன்னும் என் அலுமாரியில் இருக்கின்றன.

சென்ற வாரம் அவரது வீட்டுக்குச் சென்று, அடுத்த கூட்டத்தில் மன்னார்க் கரையின் கதைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசவேண்டுமெனக் கேட்டேன். சிறிது நேரம் யோசித்து, வருகிறேன் என்றார். இளைஞருக்கும் சொல்லியிருக்கிறேன். தோட்டவெளிதான் அவர் ஊர்.